வகுப்பறையில் தம்மவர் ஒருவர்



விந்தையானதோர் அடக்கத்தைப் பற்றி முதலில் உங்களுக்குக் கூற வேண்டும். அன்று அடக்கம் செய்யப்பட்டது ஒரு மனிதரன்று, ஒரு மொழி.

ஆண்டு 1954. ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து மேற்குப் பகுதியில் மார்ஃபா என்றொரு சிற்றூர். அவ்வூரில் மெக்ஸிக வழிவந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கென்றே பிளாக்வெல் பள்ளி நடந்து வந்தது. ஒரு நாள் அப்பிள்ளைகளிடம் துண்டுத் தாள்கள் கொடுக்கப்பட்டன. இனிமேல் ஸ்பானிய மொழி பேசுவதில்லை என்று அவற்றில் எழுதித் தருமாறு பணிக்கப்பட்டனர். எழுதிய தாள்கள் அனைத்தும் ஒரு பெட்டியில் இடப்பட்டன. பள்ளி வளாகத்திலேயே குழி தோண்டிப் பெட்டியை இறக்கி மண்ணிட்டு மூடினார்கள். ‘திருவாளர் ஸ்பானியத்தின் அடக்கம்’ என்று அந்தச் சடங்கிற்குப் பெயரும் சூட்டினார்கள்.

சற்றே எண்ணிப் பாருங்கள். அன்று மாலை வீடு திரும்பிய குழந்தையை அதன் தாய் எந்த மொழியில் அழைத்திருப்பாள்? சோறூட்டும்போதும் உறங்க வைக்கும்போதும் அவள் பேசிய மொழி எது? அதே மொழியைத் தன் கையாலேயே புதைத்துவிட்டு வந்த பிள்ளை, தாயின் முகத்தை எப்படி ஏறிட்டுப் பார்த்திருக்கும்?

இதைச் செய்தவர்கள் கொடியவர்கள் என்று கூறிவிட இயலாது. ஆங்கிலம் ஒன்றைக் கற்றால்தான் இப்பிள்ளைகள் முன்னேறுவார்கள் என்று அவர்கள் மெய்யாகவே நம்பியிருக்கக் கூடும். ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அப்பிள்ளைகளின் வீடு போன்றதொரு வீட்டில் பிறந்து, அம்மொழியில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்த ஒருவர், பள்ளியில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்திருந்தால் அந்தக் குழி தோண்டப்பட்டிருக்குமா?

வகுப்பறையில் தம்மவர் ஒருவர் ஆசிரியராக நிற்பதனால் பிள்ளைக்குக் கிடைப்பது என்ன? ஹிஸ்பானிக் என்றும் லத்தினோ என்றும் அழைக்கப்படும் அமெரிக்க மக்களின் கல்வி வரலாறு இக்கேள்விக்குத் தெளிவாகவே விடை கூறுகிறது. அதனை உங்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யார் இவர்கள்?

ஹிஸ்பானிக், லத்தினோ என்னும் இரு பெயர்களும் ஒன்றுபோல் தோன்றினும் சிறு வேறுபாடு உண்டு. ஸ்பானிய மொழியின் வழியாக வரும் உறவைக் குறிப்பது முதற்சொல். லத்தீன் அமெரிக்க நிலப்பரப்பின் வழியாக வரும் உறவைக் குறிப்பது இரண்டாம் சொல். எனவே போர்த்துகீசிய மொழி பேசும் பிரேசில் நாட்டவர் லத்தினோ ஆவர், ஹிஸ்பானிக் ஆகார். மெக்ஸிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா, டொமினிக்கன் குடியரசு, எல் சால்வடோர் முதலிய நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டோர் இரு பெயர்களுக்கும் உரியவர்கள்.

இவர்கள் அனைவரும் நேற்று வந்து குடியேறியவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். மெக்ஸிகோவுடன் நடந்த போர் முடிந்து 1848ஆம் ஆண்டு உடன்படிக்கை கையெழுத்தானபோது, கலிபோர்னியா உள்ளிட்ட பரந்த நிலம் அமெரிக்காவின் கைக்கு மாறியது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள், இருந்த இடத்தில் இருந்தபடியே வேறொரு நாட்டின் ஆட்சிக்குள் வந்தனர். போர்ட்டோ ரிக்கோ தீவு 1898ஆம் ஆண்டு அமெரிக்க ஆட்சிக்குள் வந்தது. அத்தீவினருக்கு 1917ஆம் ஆண்டு குடியுரிமை வழங்கப்பட்டது. வேலை தேடியும், உள்நாட்டுப் போர்களுக்கு அஞ்சியும் வந்தவர்கள் பின்னர் இவர்களோடு சேர்ந்தனர். 2020ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இவர்களின் எண்ணிக்கை 6 கோடியே 21 இலட்சம். அமெரிக்கர் நூறு பேரில் ஏறத்தாழ 19 பேர் இவர்களே.

இத்தனை நெடிய வரலாறு இருந்தும் பள்ளிக்கூடம் இவர்களை அந்நியராகவே நடத்தியது. ஹுவான் என்று பெற்றோர் பெயரிட்ட பிள்ளை பள்ளிப் பதிவேட்டில் ஜான் ஆனான். மரியா, மேரி ஆனாள். விளையாட்டுத் திடலில் வீட்டு மொழியில் ஒரு சொல் தவறி விழுந்தாலும் அடி கிடைத்த பள்ளிகள் பல இருந்தன.

ஒரு தந்தை தொடுத்த வழக்கு

கலிபோர்னியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் என்னும் ஊருக்கு 1940களில் மெண்டெஸ் குடும்பம் குடியேறியது. தந்தை கொன்சாலோ மெக்ஸிகோவில் பிறந்தவர். தாய் ஃபெலிசிதாஸ் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். அவர்கள் குத்தகைக்கு எடுத்த பண்ணை, போர்க் காலத்தில் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்ட ஜப்பானிய வழிவந்த அமெரிக்கக் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமானது.

பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்க அவர்களின் அத்தை அழைத்துச் சென்றார். தம் சொந்தப் பிள்ளைகளையும் உடன் கொண்டு போனார். அத்தையின் பிள்ளைகள் வெளிர்நிறம் கொண்டவர்கள்; குடும்பப் பெயரும் பிரெஞ்சுப் பெயர்போல் ஒலித்தது. அவர்களைச் சேர்த்துக் கொண்ட பள்ளி, சற்றே நிறம் குறைந்த மெண்டெஸ் பிள்ளைகளை மட்டும் மெக்ஸிகர்களுக்கான தனிப் பள்ளிக்குப் போகச் சொன்னது. இரத்த உறவினரான பிள்ளைகளிடையே நிறமும் பெயரும் கோடு கிழித்தன! அத்தை எவரையும் சேர்க்காமல் எல்லாப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

1945ஆம் ஆண்டு கொன்சாலோவும் வேறு நான்கு தந்தையரும் நான்கு பள்ளி மாவட்டங்களின் மீது வழக்குத் தொடுத்தனர். விசாரணையின்போது பள்ளிக் கண்காணிப்பாளர் ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்று, மெக்ஸிகப் பிள்ளைகள் தூய்மையிலும் அறிவாற்றலிலும் தாழ்ந்தவர்கள் என்ற பொருள்படப் பேசினார். அப்பிள்ளைகளின் கல்வியைக் கையில் வைத்திருந்தவரின் எண்ணம் அது!

1946ஆம் ஆண்டு நீதிமன்றம் பெற்றோருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1947இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அமெரிக்கா முழுவதிலும் பள்ளிகளில் இனப் பிரிவினையைச் செல்லாததாக்கிய 1954ஆம் ஆண்டின் புகழ்பெற்ற தீர்ப்புக்கு இவ்வழக்கு முன்னோடியாயிற்று. அன்று சேர்த்துக் கொள்ளப்படாத சிறுமி சில்வியா மெண்டெஸ் பிற்காலத்தில் செவிலியராகப் பணியாற்றினார். 2011ஆம் ஆண்டு நாட்டின் உயரிய குடிமக்கள் விருதினை அதிபர் ஒபாமாவின் கையால் பெற்றார்.

பள்ளியின் கதவு திறந்தது. ஆனால் உள்ளே கரும்பலகையின் முன் நின்றவர் மனத்திலிருந்த கதவு? அதனை நீதிமன்றத் தீர்ப்பால் திறக்க இயலவில்லை.

மாணாக்கரின் பக்கம் நின்ற ஆசிரியர்

1968ஆம் ஆண்டு மார்ச் மாதம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்குப் பகுதியில் மெக்ஸிக வழிவந்தோர் நிறைந்து வாழ்ந்தனர். அப்பகுதிப் பள்ளிகளிலிருந்து ஆயிரக்கணக்கான மாணாக்கர் வகுப்புகளை விட்டு வெளியேறி வீதிக்கு வந்தனர். அவர்கள் கேட்டவை என்ன தெரியுமா? தங்கள் மக்களின் வரலாறு பாடத்தில் இடம்பெற வேண்டும். இரு மொழியிலும் கற்பிக்க வேண்டும். தங்கள் மக்களிலிருந்து ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேண்டும். நல்ல நூலகங்கள் வேண்டும். கல்லூரிக்குப் போக விரும்பிய பிள்ளைகளையும் கைத்தொழில் வகுப்புகளுக்கே தள்ளி விடும் வழக்கம் ஒழிய வேண்டும்.

அவர்களுக்குத் துணை நின்றவர் லிங்கன் உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியர் சால் காஸ்ட்ரோ. 1933ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். சிறு வயதில் ஆங்கிலம் அறியாதவராக வகுப்பின் மூலையில் அமர்த்தப்பட்ட அனுபவம் அவருக்கு உண்டு. அந்த மூலையின் நினைவுதான் அவரை ஆசிரியராக்கிற்று என்று கூறினும் மிகையாகாது.

விளைவு கடுமையாயிற்று. காஸ்ட்ரோ உள்ளிட்ட 13 பேர் சதிக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதாயினர். அவர் பணியிலிருந்து விலக்கப்பட்டார். அப்போது பெற்றோரும் மாணாக்கரும் கல்வி வாரியத்தின் அலுவலகத்திலேயே அமர்ந்து போராடினர். வாரியம் அவரை மீண்டும் பணியில் அமர்த்தியது. குற்றச்சாட்டுகளும் பின்னர் தள்ளுபடியாயின. 2010ஆம் ஆண்டு அதே நகரின் நடுநிலைப் பள்ளி ஒன்றுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 2013இல் அவர் காலமானார்.

வாசகர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பெற்றோர் ஓர் ஆசிரியருக்காக இரவு பகலாகத் தரையில் அமர்ந்து போராடினர். தங்கள் பிள்ளையைப் புரிந்து கொண்ட ஒருவரை இழந்தால் அந்த இடம் எளிதில் நிரம்பாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

மறுமுறை எழுதிய தேர்வு

அதே கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளிக்கு 1974ஆம் ஆண்டு ஒரு புதிய ஆசிரியர் வந்து சேர்ந்தார். பெயர் ஹைமே எஸ்கலாந்தே. 1930இல் பொலிவியா நாட்டின் லா பாஸ் நகரில் பிறந்தவர். தாயும் தந்தையும் ஆசிரியர்கள். தம் நாட்டில் கணிதமும் இயற்பியலும் கற்பித்துப் பெயர் பெற்றவர், 1960களில் அமெரிக்காவில் குடியேறியபோது அவருடைய சான்றிதழ்கள் செல்லுபடியாகவில்லை. சிற்றுண்டிச் சாலையில் தரை துடைத்தார். மின்னணுத் தொழிற்கூடத்தில் பணி செய்துகொண்டே மீண்டும் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். பின்னரே ஆசிரியப் பணி கிட்டியது.

அவர் வந்தபோது பள்ளி அங்கீகாரத்தையே இழக்கும் நிலையில் இருந்தது. இப்பிள்ளைகளுக்குக் கூட்டலும் கழித்தலும் வந்தால் போதும் என்பது பலரின் எண்ணம். எஸ்கலாந்தே அதனை ஏற்கவில்லை. கல்லூரி அளவிலான நுண்கணிதத்தையே கற்பிக்கத் துணிந்தார். முதல் வகுப்பில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே நிலைத்தனர். அவர் தளரவில்லை. காலையில் பள்ளி தொடங்கும் முன்னும், மாலையில் பள்ளி முடிந்த பின்னும், விடுமுறை நாட்களிலும் கற்பித்தார். ‘கானாஸ்’ என்ற ஸ்பானியச் சொல்லை ஓயாமல் கூறுவார். வேண்டும் என்ற வேட்கை என்பது அதன் பொருள். மற்றப் பள்ளிகளில் தண்டனைக்குரியதாக இருந்த மொழி, அவர் வகுப்பில் ஊக்க மொழியாயிற்று.

1982ஆம் ஆண்டு அவருடைய மாணாக்கர் 18 பேர் கல்லூரித் தரத்து நுண்கணிதத் தேர்வை எழுதினர். அனைவரும் தேறினர். மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. விடைத்தாள்களில் ஒன்றுபோன்ற தவறுகள் காணப்படுவதாகக் கூறி, 14 பேர் மீது தேர்வை நடத்திய அமைப்பு ஐயம் கொண்டது. மீண்டும் எழுதுமாறு அவர்களிடம் கூறப்பட்டது. தம் பிள்ளைகள் மெக்ஸிக வழிவந்த ஏழைகள் அல்லராயின் இந்த ஐயம் எழுந்திருக்குமா என்று எஸ்கலாந்தே உள்ளம் குமுறினார்.

12 பேர் மறுமுறை எழுத ஒப்பினர். நுண்கணித வகுப்பு முடிந்து மாதங்கள் கழிந்திருந்தன. மீண்டும் ஆசிரியர் துணை நின்றார், மீண்டும் எழுதினர். 12 பேரும் தேறினர்!

அந்தப் பிள்ளைகளின் நிலையில் உங்கள் மகனையோ மகளையோ வைத்துப் பாருங்கள். உழைத்துப் பெற்ற வெற்றியை உலகம் களவு என்கிறது. அந்த வேளையில் ‘இவர்களால் முடியும், நான் அறிவேன்’ என்று கூற ஒருவராவது வேண்டுமன்றோ? அவருடைய அறிவையும் சான்றிதழையும் ஒரு காலத்தில் இந்நாடு ஐயுற்றது. ஆகவே ஐயுறப்படுவதன் வலி அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதாக இல்லை.

1987ஆம் ஆண்டில் கார்ஃபீல்டு பள்ளியில் நுண்கணிதத் தேர்வில் தேறியோர் தொகை எண்பதைத் தாண்டியது. 1988ஆம் ஆண்டு அவர் கதை திரைப்படமாயிற்று. ஆனால் திரைப்படம் பார்த்தோர் பலர், ஓராண்டு உழைப்பில் இது நிகழ்ந்ததாக எண்ணினர். உண்மை அதுவன்று. கீழ் வகுப்புகளிலிருந்தே கணித அடித்தளத்தைச் சீர்செய்யப் பல ஆண்டுகள் பிடித்தன. தலைமையாசிரியர் ஹென்றி கிராடியாஸ் துணை நின்றார். உடன் கற்பித்த ஆசிரியர்கள் தோள் கொடுத்தனர். 2010ஆம் ஆண்டு எஸ்கலாந்தே மறைந்தார். 2016இல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

இருபத்தெட்டும் ஒன்பதும்

இனி இக்காலத்துக்கு வருவோம். 2021ஆம் ஆண்டில் அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பயின்ற மாணாக்கர் நூறு பேரில் 28 பேர் ஹிஸ்பானிக் பிள்ளைகள். 2020-21 கல்வியாண்டில் அப்பள்ளிகளின் ஆசிரியர் நூறு பேரில் ஹிஸ்பானிக் ஆசிரியர் 9 பேர் மட்டுமே. வெள்ளையர் 80 பேர். 1980களின் இறுதியில் ஹிஸ்பானிக் ஆசிரியர் நூற்றுக்கு 3 பேராக இருந்தனர் என்பதை நோக்க, இது முன்னேற்றமே. ஆயினும் ஆசிரியர் பெருகியதைப் போன்றே மாணாக்கரும் பெருகினர், இடைவெளி குறையவில்லை. முதல் வகுப்பிலிருந்து பள்ளிப் படிப்பு முடியும் வரை தம்மவரான ஓர் ஆசிரியரைக் காணாமலே வெளியேறும் பிள்ளைகள் பலர்.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பதை ஒரு தாயின் கண்கொண்டு பாருங்கள். பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்கு அவள் வருகிறாள். ஆசிரியைக்கு ஸ்பானிய மொழி தெரியாது. அவளுக்கு ஆங்கிலம் வராது. இருவருக்கும் நடுவே பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்ப்பாளனாக நிற்கிறான். தன்னைப் பற்றிய குறையைத் தானே மொழிபெயர்க்க வேண்டும்! தாய் கேட்க விரும்பியதைக் கேட்க இயலவில்லை. ஆசிரியை கூற விரும்பியது முழுமையாகச் சென்று சேரவில்லை. தாய் தலையாட்டிவிட்டு வீடு திரும்புகிறாள். ‘இந்தப் பெற்றோருக்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லை’ என்று ஆசிரியை எண்ணிக் கொள்கிறார். இருவர் மீதும் தவறில்லை. ஆனால் நட்டம் பிள்ளைக்கு.

தாயின் மொழி அறிந்த ஆசிரியை ஒருவர் அங்கே அமர்ந்திருந்தால் அந்தச் சந்திப்பு முற்றிலும் வேறாக இருந்திருக்கும். தாய் பேசுவாள். பிள்ளையின் உறக்கம், அச்சம், வீட்டில் அவன் தம்பியைப் பார்த்துக் கொள்ளும் பொறுப்பு எல்லாம் வெளிவரும். பிள்ளை பிள்ளையாகவே நிற்பான்.

ஆய்வுகள் கூறுவது

இது வெறும் உணர்ச்சிப் பேச்சா, பயன் உண்டா என்று கேட்பீர்கள். ஆராய்ந்தோர் உண்டு. டென்னசி மாநிலத்தில் 1980களில் ஆயிரக்கணக்கான சிறு பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு வகுப்புகளில் அமர்த்தி ஒரு பெரும் சோதனை நடந்தது. வகுப்பின் அளவை ஆராய்வதே அதன் நோக்கம். ஆனால் குலுக்கல் முறையினால், எந்தப் பிள்ளைக்கு எந்த ஆசிரியர் என்பதும் தற்செயலாக அமைந்தது. அதனைப் பயன்படுத்திப் பொருளியல் அறிஞர் தாமஸ் டீ 2004ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். தம் இனத்தைச் சேர்ந்த ஆசிரியரிடம் பயின்ற பிள்ளைகள் வாசிப்பிலும் கணிதத்திலும் ஓரளவு கூடுதல் தேர்ச்சி பெற்றதை அவர் கண்டார்.

அதே பிள்ளைகள் வளர்ந்த பின் என்னவாயினர் என்பதை வேறு ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்தனர். 2022இல் வெளிவந்த அவர்களின் கட்டுரையின்படி, மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒரு கறுப்பின ஆசிரியரிடமேனும் பயின்ற கறுப்பினப் பிள்ளைகள், அவ்வாறு பயிலாதவர்களைவிட உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு 13 விழுக்காடும், கல்லூரியில் சேரும் வாய்ப்பு 19 விழுக்காடும் கூடுதலாகப் பெற்றனர். இவை கறுப்பினப் பிள்ளைகளைப் பற்றிய எண்கள். லத்தினோ பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும் என்று கூறிவிடலாகாது. ஆயினும் வழி காட்டுபவை.

பயன் எவ்வாறு விளைகிறது? இங்கேதான் விடயத்தின் உயிர்நாடி உள்ளது. ஒரே மாணாக்கரைப் பற்றி இரண்டு ஆசிரியர்களிடம், ‘இவர் எதுவரை படிப்பார்?’ என்று கேட்ட தரவுகளை 2016ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். கறுப்பின மாணாக்கரைப் பற்றி வேற்றின ஆசிரியர்களின் எதிர்பார்ப்பு, கறுப்பின ஆசிரியர்களின் எதிர்பார்ப்பைவிடத் தாழ்ந்திருந்தது. மாணாக்கர் ஒருவரே, பார்க்கும் கண்தான் வேறு. ஆசிரியர் எதிர்பார்க்காததைப் பிள்ளையும் தன்னிடம் எதிர்பார்ப்பதில்லை. கார்ஃபீல்டு பள்ளியில் எஸ்கலாந்தே செய்தது இந்தக் கண்ணை மாற்றியதே.

முகம் மட்டும் போதுமா?

ஆசிரியர் ஒரே இனத்தவராக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் கூறவில்லை. எஸ்கலாந்தே பொலிவியர், அவருடைய மாணாக்கரில் பெரும்பாலோர் மெக்ஸிக வழிவந்தோர். ஸ்பானிய மொழியும், குடியேறிய வாழ்வின் துன்பமும் பொதுவாக இருந்தன. மற்றபடி ஊரும் உணவும் பேச்சு வழக்கும் வேறு. அவர் பிள்ளைகளுக்குச் சலுகை காட்டவும் இல்லை. மற்றவர்களைவிடக் கடுமையாகவே வேலை வாங்கினார். தம்மவர் என்பதன் பொருள் இரக்கம் காட்டுபவர் என்பதன்று. இரக்கத்தின் பெயரால் தரத்தைக் குறைக்காதவர் என்பதே.

வேற்றினத்து ஆசிரியரால் அன்பு காட்ட முடியாது என்பதும் இல்லை. பின்னாளில் அமெரிக்க அதிபரான லிண்டன் ஜான்சன், 1928ஆம் ஆண்டு இருபது வயது இளைஞராக டெக்சாஸின் கொட்டுல்லா ஊரில் மெக்ஸிகப் பிள்ளைகளின் பள்ளியில் கற்பித்தார். பசியோடு வந்த அப்பிள்ளைகளுக்காகத் தம் முதல் ஊதியத்தில் விளையாட்டுப் பொருள்கள் வாங்கினார். அவர்களின் முகத்தை அவர் மறக்கவில்லை. 1965ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில் அவர்களை நினைவு கூர்ந்தார். 1968இல் இருமொழிக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. ஆனால் அதே ஜான்சன், கொட்டுல்லா பள்ளி வளாகத்தில் ஸ்பானிய மொழி பேசிய பிள்ளைகளைத் தண்டித்தவரும் ஆவார். அன்பு இருந்தது. ஆனால் அந்த மொழி ஒரு பிள்ளைக்கு எத்தகையது என்பதை உள்ளிருந்து அறியும் வாய்ப்பு இல்லை. இதுவே வேறுபாடு.

ஏன் போதிய ஆசிரியர் இல்லை?

ஆசிரியராகும் வழி நீண்டது, செலவு மிக்கது. கல்லூரிக் கட்டணம், உரிமத் தேர்வுக் கட்டணம், ஊதியமின்றி மாதக் கணக்கில் பயிற்சி ஆசிரியராக உழைத்தல் என்று தடைகள் பல. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி காணும் இளைஞருக்கு இவை மலையாகத் தோன்றுகின்றன. பட்டம் பெற்ற பின்னும் ஆசிரியர் ஊதியத்தைவிட மிகுதியாகத் தரும் பணிகள் அவரை அழைக்கின்றன.

பணியில் சேர்ந்தோரும் ஒரு தனிச் சுமையைச் சுமக்கின்றனர். 2018ஆம் ஆண்டு லத்தினோ ஆசிரியர்களிடம் பேசி வெளியிடப்பட்ட ஓர் அறிக்கை இதனை எடுத்துக் காட்டியது. பள்ளியில் எந்தப் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பு வேண்டினும் இவரைத்தான் அழைப்பார்கள். அதற்கெனத் தனி நேரமும் இல்லை. தனி ஊதியமும் இல்லை. இருமொழி அறிந்த இவருடைய புலமையைப் புலமையாகக் கருதாமல் ஏவலுக்குரிய வசதியாகக் கருதும் பள்ளிகளும் உண்டு. ஒருவரை வரவேற்று அமர்த்தினால் மட்டும் போதாது. அவர் நிலைத்திருக்கவும் வழி செய்ய வேண்டும்.

வழி கண்டவர்களும் உண்டு. சிக்காகோ நகரின் லோகன் ஸ்கொயர் பகுதியில் 1995ஆம் ஆண்டு ஒரு திட்டம் தொடங்கிற்று. குடியேறிய குடும்பங்களின் தாய்மார்கள், நாள்தோறும் இரண்டு மணி நேரம் பள்ளிக்கு வந்து வகுப்பறையில் துணை நிற்பார்கள். தம் பிள்ளை பயிலும் வகுப்பில் அன்று, வேறு வகுப்பில். சிறு உதவித் தொகையும் உண்டு. வீட்டை விட்டு வெளியே வரத் தயங்கிய பெண்கள், மெல்ல மெல்லப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக் கொடுத்தனர். அவர்களில் சிலருக்கு, ‘நாமே ஆசிரியையாகலாமே!’ என்ற எண்ணம் பிறந்தது. 2000ஆம் ஆண்டு ஒரு பல்கலைக்கழகத்தின் துணையோடு அவர்களுக்கெனப் பட்டப் படிப்பு ஏற்பாடாயிற்று. பகலில் வீடும் வேலையும், மாலையில் படிப்பும் என்று ஆண்டுக் கணக்கில் உழைத்து, இருமொழி ஆசிரியைகளாக அதே பகுதிப் பள்ளிகளில் பணியேற்றோர் உண்டு. இந்த முயற்சியைப் பார்த்து இல்லினாய் மாநிலம் 2004இல் தனிச் சட்டமே இயற்றியது. ஆசிரியரை வெளியூரில் தேடாமல், பிள்ளைகளின் தெருவிலேயே உருவாக்கும் வழி இது.

புதையுண்டது எழுந்தது

கனெக்டிகட் மாநிலத்தில் போர்ட்டோ ரிக்கோ குடும்பம் ஒன்றில் பிறந்த சிறுவன், பள்ளியில் சேர்ந்தபோது வீட்டு மொழியான ஸ்பானியத்தோடுதான் சென்றான். ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்றான். வளர்ந்து, தன் ஊரிலேயே நான்காம் வகுப்பு ஆசிரியராகி, பின் தலைமையாசிரியராகி, 2021ஆம் ஆண்டு அமெரிக்காவின் கல்வி அமைச்சராகவே ஆனார். 2025 ஜனவரி வரை அப்பதவியில் இருந்த மிகேல் கார்டோனாதான் அவர். மார்ஃபாவின் பிள்ளைகள் மண்ணில் புதைத்த அதே மொழியைப் பேசி வளர்ந்தவர், நாடு முழுவதன் வகுப்பறைகளுக்கும் பொறுப்பேற்றார்.

மார்ஃபாவின் கதையும் முடிந்துவிடவில்லை. பிளாக்வெல் பள்ளி 1965இல் மூடப்பட்டது. முதியவர்களாகிவிட்ட பழைய மாணாக்கர்கள் 2007ஆம் ஆண்டு அங்கே ஒன்று கூடி, அன்று அடக்கம் செய்யப்பட்ட ‘திருவாளர் ஸ்பானியத்தை’ அடையாளமாகத் தோண்டி எடுத்தனர். 2022ஆம் ஆண்டு அப்பள்ளியை நாட்டின் வரலாற்றுச் சின்னமாக்கும் சட்டம் நிறைவேறியது. புதைத்த கைகளே மீட்டெடுத்தன. ஆனால் இடையே கழிந்த ஐம்பது ஆண்டுகளை எவரால் மீட்டுத் தர இயலும்? தம் மொழியைத் தம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கத் தயங்கிய பெற்றோர் எத்தனை பேரோ!

அன்பு வாசகர்களே! பிள்ளை பள்ளிக்குச் செல்லும்போது புத்தகப் பையை மட்டும் சுமந்து செல்வதில்லை. வீட்டின் மொழியையும், பெற்றோர் இட்ட பெயரையும், தாய் ஊட்டிய உணவின் மணத்தையும் உடன் சுமந்து செல்கிறது. இவற்றை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லும் பள்ளி உண்டு. இவற்றோடு உள்ளே வந்து, கல்வியின் உச்சி வரை ஏறு என்று கூறும் ஆசிரியரும் உண்டு. அவ்வாறு கூற வல்லவர்கள் பெருக வேண்டுமென்றால், அந்தந்த வீடுகளிலிருந்தே ஆசிரியர்கள் புறப்பட வேண்டும்.

இன்று மாலை உங்கள் பிள்ளை வீடு திரும்பியதும் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதற்கு முன் இதைக் கேட்டுப் பாருங்கள்: ‘வகுப்பில் உன் பெயரை எப்படி அழைக்கிறார்கள்?’ பிள்ளை சொல்லும் விடையைப் பொறுமையாகச் செவிமடுங்கள்.